ஹெல்மெட் கீழே விழுந்தது

ஜூன் 3, திங்கள்

ஹெல்மெட் கீழே விழுந்தது. வலப்பக்கம் ஒரு கீறல். மற்றபடி விசேஷமில்லை.

ஜூன் 4, செவ்வாய்

நேற்று எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. ஹெல்மெட் கீழே விழுந்தது. விழுந்த நேரத்தில் அதற்குள் என் தலை இருந்தது. அந்த ஒரு விவரத்தைத்தான் விட்டுவிட்டேன். சாலமோன் அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாகக் கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்துகிறவன் நான். ஒரு வாக்கியத்தில் எந்த ஆளை எங்கே ஒளிப்பது என்று எனக்குத் தெரியாதா?

வீட்டிலும் அதையேதான் சொன்னேன். "ஹெல்மெட் கீழ விழுந்துட்டு, வடிவு."

"விழுந்தா எடுத்துத் துடைச்சு வைங்க. அதுக்கு எதுக்கு வீட்டுப்பாடம் எழுதாத பிள்ள மாதிரி நிக்கிய?" என்றாள். என் மனைவி சங்கரவடிவு மூன்றாம் வகுப்பு டீச்சர். அவளுக்கு உலகத்தில் எல்லோருமே மூன்றாம் வகுப்புதான்.

நடந்தது இது. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். 'கன்னீர் அஞ்சலி.' ரெண்டு சுழி ன! அதுவும் செத்தவர் நெற்றிக்கு நேர் மேலே. பார்த்தும் பார்க்காமல் போக நான் என்ன முனிவரா? அதோடு விட்டேனா? கீழே துக்கப்படுகிறவர்கள் பட்டியலில் மூத்த தாரத்துப் பிள்ளைகள் பெயரைப் போட்டிருக்கிறார்களா என்று தேடினேன். (போடவில்லை. போட மாட்டார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும்.) மூன்றாவது வரியில் வேகத்தடை வந்துவிட்டது. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடைபாதைக் கல்லில் ஹெல்மெட் 'ணங்' என்றது. அதுவாவது சரியாக மூன்று சுழி.

டீக்கடைக்காரர் ஓடிவந்து தூக்கினார். "அண்ணாச்சி, எங்கயும் அடியா?"

"அடியில்ல. எழுத்து தப்பு" என்று பேனரைக் காட்டினேன்.

அவர் பக்கத்தில் இருந்தவரிடம், "தலையிலதான் பட்டிருக்கு" என்றார்.

வடிவிடம் மறைத்ததற்குக் காரணம் இருக்கிறது. போன வருஷம் ஒரு பூப்புனித நீராட்டு விழா பேனரைப் படித்துக்கொண்டே அவளையும் சேர்த்துச் சாய்க்கப் பார்த்தேன். அன்றைக்குக் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். "இன்னொரு தடவ வண்டியில போகும்போது எதையாவது படிச்சு விழுந்திய, சாவி என் கைக்கு வந்துரணும். பேசாம பஸ்ல போங்க." ஐம்பத்திரண்டு வயதில் டிபன் பாத்திரத்தோடு பஸ் படிக்கட்டில் தொங்குவதா? வண்டி போனால் எனக்கு ஊர் போச்சு. ஊர்க்கதை எல்லாம் வண்டியில்தான் வருகிறது.

ஜூன் 6, வியாழன்

கீறலை மறைக்க அச்சகத்தில் ஒரு ஸ்டிக்கர் எடுத்து ஒட்டினேன். 'வாழ்க வழமுடன்.' ஒரு வாடிக்கையாளர் பிழைக்காகத் திருப்பி அனுப்பியது, மூட்டையாய்க் கிடக்கிறது. என் தலையில் பிழையோடு ஊர் சுற்றுகிறேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

லேசாகத் தலைவலி. வெயில்.

ஜூன் 12, புதன்

தலைவலி நின்றபாடில்லை. கண்ணாடியின் பவர் போதவில்லை போல. மாற்றிவிட்டேன். கண்ணாடிக் கடையில் ஒரு செய்தி: நம் தெருக்கோடி வீட்டு மாப்பிள்ளை அமெரிக்காவில் இல்லையாம், ஆவடியில் இருக்கிறாராம். அடுத்த வாரம் அந்தப் பத்திரிகை என் மேஜைக்குத்தானே வரும்? மாப்பிள்ளை பெயருக்குக் கீழே என்ன ஊர் போடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 17, திங்கள்

காலையில் வண்டி சாவியை சாவியை வைத்த இடம் தெரியாமல் அரை மணி நேரம் தேடினேன். கையில்தான் இருந்தது. இடது கையில். வடிவு வாசலில் நின்றுகொண்டு, "பிரேயர் பெல் அடிச்சிருவாங்க, எங்க போயிட்டிய?" என்று கத்தினாள். தினமும் சமாதானபுரத்தில் அவள் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் நான் அச்சகம் போவது. போகும் வழியில் என் முதுகைத் தட்டி, "இடதுபக்கமே சாயுதே வண்டி, காத்து இருக்கா?" என்றாள். காற்று இருந்தது.

தலையணையை மாற்றினேன். இலவம்பஞ்சு.

ஜூன் 18, செவ்வாய்

நேற்று எழுதியதைப் புரட்டினேன். 'சாவியை சாவியை.' என் எழுத்தில், என் நாட்குறிப்பில்! சிவப்புப் பேனாவை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். யார் பார்க்கப்போகிறார்கள்?

ஜூன் 20, வியாழன்

இந்தக் காலத்துச் செருப்பில் தரம் என்பதே இல்லை. நடந்துகொண்டிருக்கும்போதே கழன்று விழுகிறது. அதுவும் இடது கால் மட்டும். பஜாரில் பத்து அடி வெறுங்காலோடு நடந்த பிறகுதான் தெரிந்தது. பின்னால் வந்த அம்மாள் செருப்பைக் காட்டி, "யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார். "ஆமா, யாரோ" என்று நானும் சொல்லிவிட்டுத் திரும்பிவந்து போட்டுக்கொண்டேன்.

புதுச் செருப்பு வாங்கினேன். பின்வார் வைத்தது.

ஜூன் 24, திங்கள்

வண்ணார்பேட்டை சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினேன், மறுபடி நின்றது. கிளட்ச் பிடிக்க மாட்டேன் என்கிறது. பின்னால் வடிவு, அதற்குப் பின்னால் ஒரு தண்ணி லாரியின் ஹாரன்.

மெக்கானிக் பிலேந்திரன் கிளட்ச் வயரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "வயரு புத்தம் புதுசா இருக்கு அண்ணாச்சி. உங்க கைதான் அமுக்க மாட்டேங்குது" என்றான்.

"எனக்கு வயசாயிட்டுன்னு சொல்லுதியா?"

"வண்டிக்குன்னு சொன்னா கோவிக்க மாட்டியள்லா? அப்ப வண்டிக்குத்தான்."

இருந்தாலும் வயரை மாற்றச் சொன்னேன்.

காலையிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. சாலமோன் அண்ணாச்சி, "என்ன ஆவுடை, பென்ச்சுல முள்ளா?" என்று கேட்டார்.

ஜூன் 28, வெள்ளி

எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

மதியம் ஒரு பெரியவர் அச்சகத்துக்குள் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். கையில் நாங்கள் அடித்த பத்திரிகை.

"யாரு வே இங்க பிழை பாக்கிற ஆளு?"

"நான்தான்."

"நல்லாப் பாரும். எனக்கு நிழல் விழுதா?"

"விழுது."

"கால் தரையில இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நான் செத்தது எனக்கு மட்டும் ஏன் வே தெரியல?"

பத்திரிகையைப் பிடுங்கிப் பார்த்தேன். பெண்ணின் தாத்தா பெயருக்கு முன்னால் இருக்கவேண்டிய 'தெய்வத்திரு' ஒரு வரி கீழே இறங்கி, தாய்மாமன் ஆறுமுகநயினார் பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. இறந்துபோன தாத்தா 'திரு' ஆகி எழுந்துவிட்டார். எதிரே நிற்கிற தாய்மாமன் தெய்வமாகிவிட்டார்.

"சங்கரன்கோவில்ல இருந்து ரெண்டு பேரு மாலையோட வந்துட்டானுவ வே! நான் கதவத் திறக்கேன், ஒருத்தன் அலறிட்டான். எனக்குத் தெரியாம பதினாறு வரைக்கும் முடிச்சிட்டியளா? சாப்பாடாவது போட்டியளா?"

கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் பிரிசில்லா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நானும் சிரித்திருப்பேன், வேறு ஆள் செய்திருந்தால். மெய்ப்புத் தாளில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் கையெழுத்துதான். அந்தத் தாளைப் பார்த்த ஞாபகமே இல்லை.

இருபத்தாறு வருஷத்தில் நான் ஒருவரையும் கொன்றதில்லை.

பெரியவருக்குக் கலர் குடிக்கக் கொடுத்து, மறுபடி அடித்துத் தருவதாகச் சொல்லி அனுப்பிய பிறகு சாலமோன் அண்ணாச்சி என் தோளில் கை வைத்தார். "ஒரு வாரம் வீட்ல இரும், ஆவுடை. நீரு இப்பம் நீராவே இல்ல."

ஜூலை 1, திங்கள்

வடிவிடம் விடுப்பு எடுத்திருக்கிறேன் என்று சொன்னேன். வாக்கியத்தில் ஒளிக்க வேறு என்ன இருக்கிறது?

தலைவலி இன்று கொஞ்சம் அதிகம். உட்கார்ந்து யோசித்தேன் (நடந்துகொண்டே யோசித்தேன்). கண்ணாடி மாற்றியாயிற்று, தலையணை மாற்றியாயிற்று, செருப்பு, கிளட்ச் வயர் எல்லாம் மாற்றியாயிற்று. மிச்சம் ஹெல்மெட். அது இறுக்கிப் பிடிப்பதால்தான் தலைவலி. இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

மைதீன் பாய் கடைக்குப் போனேன். பாய் பத்து வருஷப் பழக்கம். ஹெல்மெட்டை வாங்கித் திருப்பினார். உள்ளே துணியை விலக்கி ஒரு சின்ன ஒட்டுத்தாளைக் காட்டினார். "செஞ்ச தேதி பாத்தியளா? ஒம்பது வருஷம். அஞ்சோட இதுக்கு வேலை முடிஞ்சுது அண்ணாச்சி. நீங்க சும்மா தொப்பி மாதிரி போட்டுக்கிட்டு அலையிதிய."

"மேல கல்லு மாதிரி இருக்கே பாய்."

"மேல எப்பவும் கல்லு மாதிரிதான் இருக்கும். உள்ள பாக்கணும்." வலப்பக்கம் உள்ளே இருக்கும் தெர்மாகோலில் கட்டைவிரலை வைத்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. அந்த இடம் முழுக்க அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது. பாய் என்னைப் பார்க்காமல் என் ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அடியில் கீறல் இல்லை. மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

"விழுந்திருக்கு. சும்மா விழல, தலையோட விழுந்திருக்கு. அடிய இது வாங்கிட்டு. ஒரு தடவ வாங்கினா அதோட சரி, இது செத்தது மாதிரி. யாரு தலை?"

"மச்சினன் தலை" என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வந்தது தனியாகவும் வரவில்லை. அவன் தென்காசியிலிருந்து வந்தது, வண்டியைக் கேட்டு வாங்கிப்போனது, மார்க்கெட்டில் 'கன்னீர் அஞ்சலி' பேனரில் பிழை பார்த்துக்கொண்டே வேகத்தடையில் விழுந்தது எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கதையைப் பாதியில் நிறுத்தத் தெரியாத ஜென்மம் நான்.

பாய் சிரிக்கவில்லை. "மச்சினன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியளா? எங்க சாச்சா மகன் இப்படித்தான். அன்னைக்கு ஒண்ணுமில்ல. ஒரு மாசம் கழிச்சு ஒரு கை சோந்துட்டு. பேச்சு மறந்துட்டு. செருப்பு கால்ல நிக்காது அவனுக்கு. மண்டைக்குள்ள ரத்தம் பையப் பையக் கட்டியிருக்கு. நாள் கடத்தினா ஆளு இல்லன்னு சொல்லிட்டாங்க டாக்டரு."

"மச்சினனுக்கு அதெல்லாம் கிடையாது. காளை மாதிரி இருக்கான்."

"எதுக்கும் காட்டிருங்க. புதுசு எடுத்து வைக்கட்டா?"

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாசலில் பார்த்தால் இடது கால் செருப்பைக் காணோம். பின்வார் வைத்தது. வார் மாட்ட மறந்திருக்கிறேன். கடைக்குள்ளேயே கிடந்தது. பாய் பார்ப்பதற்குள் எடுத்து மாட்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை 3, புதன்

வண்டி சங்கிலி லூசாக இருக்கிறது என்று சொல்லி வடிவை நேற்றும் இன்றும் பஸ்ஸில் அனுப்பினேன்.

"சங்கிலி லூசுன்னா நீங்க மட்டும் எதுக்கு எடுத்துட்டுப் போறிய?"

"மெக்கானிக்கிட்ட விடத்தான்."

தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனேன். அவள் பஸ் திரும்பியதும் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தேன். நல்ல உடற்பயிற்சி.

சங்கிலியில் ஒரு குறையும் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

இடது கையில் டம்ளர் நிற்கவில்லை. மூன்றாவது டம்ளர். "சவத்தத் தூக்கிப் போடுங்க, நசுங்கிட்டு" என்றாள் வடிவு. டம்ளரைத்தான் சொன்னாள்.

என்னால் சொல்லியிருக்க முடியும். அவள் குனிந்து காப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். 'ஏ வடிவு' என்று கூப்பிட்டேன். நிமிர்ந்தாள். தெருக்கோடி வீட்டு மாப்பிள்ளை ஆவடியில் இருக்கிற கதையைச் சொன்னேன். அதை ஏற்கெனவே சொல்லிவிட்டேனாம். நேற்றும் சொன்னேனாம்.

ஜூலை 6, சனி

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து எழுதுகிறேன். வடிவின் மார்க் நோட்டுத் தாளில். வீட்டுக்குப் போனதும் நாட்குறிப்பில் ஒட்டிக்கொள்ளலாம்.

பின்னால் உட்காருகிறவர்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று போலீஸ் பிடிக்கிறார்களாம். தலைமையாசிரியையும் அவர் வீட்டுக்காரரும் மாட்டிக்கொண்டார்களாம். "எனக்கும் ஒண்ணு வாங்கணும், கிளம்புங்க" என்றாள். வண்டி வேண்டாம், காலாற நடப்போம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கடைத்தெருவில் வேறு கடைக்குத் திருப்பப் பார்த்தேன். அவள் நேராக மைதீன் பாய் கடைக்குள் ஏறிவிட்டாள்.

"வாங்க டீச்சர். மச்சினன் எப்படி இருக்காரு?"

"எந்த மச்சினன்?"

"உங்க தம்பிதான். மார்க்கெட்ல பேனரு படிச்சுக்கிட்டே விழுந்தாருல்லா? ஏதோ எழுத்து தப்புன்னு..."

வடிவு என் பக்கம் திரும்பவில்லை. பாயிடமே சொன்னாள்: "எந்தம்பி கல்யாணப் பத்திரிகையில அவன் பேரே தப்பா இருந்துது பாய். பதினொரு வருஷமாச்சு. அவன் இன்னும் கண்டுபிடிக்கல."

பாய் மெதுவாக மேஜைக்கு அடியில் இருந்து என் ஹெல்மெட்டை எடுத்தார். திங்கட்கிழமை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு நினைவே இல்லை. அவள் அதை வாங்கினாள். பாய் காட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்தாள். ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை.

"என்னைக்கு?"

"ஜூன் மூணு."

"அன்னைக்கு ஹெல்மெட் விழுந்துட்டுன்னு சொன்னிய."

"ஆமா."

"நீங்க?"

"கூட இருந்தேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளங்கையை நீட்டினாள். சாவி. சத்தியம் சத்தியம்தானே. இடது பாக்கெட்டில் இருந்தது. இடது கையை விட்டேன். கை சாவியைத் தொட்டது, பிடிக்கவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. நேரா. கண்ண மூடுங்க." மூன்றாம் வகுப்புக் குரல்.

நீட்டினேன். மூடினேன். இரண்டும் நேராகத்தான் நிற்கின்றன என்று சத்தியம் செய்திருப்பேன். கண்ணைத் திறந்தபோது இடது கை இடுப்புக்கு இறங்கியிருந்தது.

"பாய், ஒரு ஆட்டோ" என்றாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பெண். மைதீன் பாயின் சொந்தம் என்று சொன்னால் நம்பலாம். படத்தில் வலப்பக்கம் பிறைநிலா மாதிரி ஒன்றைக் காட்டி, "மேல எதுவும் தெரியாது சார். உள்ள ஒரு மாசமா சேர்ந்துக்கிட்டே இருந்திருக்கு. மூளைய அமுக்குது. நாளைக்கே எடுத்துடுவோம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தீங்கன்னா..." என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காத வாக்கியத்தை நான் திருத்துவதில்லை.

மண்டையில் இரண்டு துளை போடுவார்களாம். "பேனர் எதுவும் ஒட்டிராதிய" என்றேன் வடிவிடம். அவள் சிரிக்கவில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஸ்கேன் அறைக்குள் போகும்போது கழற்றச் சொன்ன என் இடது கால் செருப்பை மடியில் வைத்திருக்கிறாள். கீழே வைக்கச் சொன்னால் வைக்க மாட்டேன் என்கிறாள்.

சும்மா சொல்லக்கூடாது. பயமாக இருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

மொட்டை. டம்ளர் நிற்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

வீடு. சாலமோன் அண்ணாச்சி பழம் வாங்கிக்கொண்டு வந்தார். ஆறுமுகநயினார் பெரியவரும் கூட வந்திருந்தார். கட்டுப்போட்ட என் தலையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எனக்குப் போட்ட தெய்வத்திருவ நீரு வாங்கப் பாத்தீரே வே" என்றார். போகும்போது, திருத்தி அடித்த பத்திரிகை ஒன்றை என் கையில் கொடுத்தார். 'திரு. ஆறுமுகநயினார்.' இரண்டு முறை படித்தேன். சரியாக இருக்கிறது.

பழைய ஹெல்மெட்டின் வாரை வடிவு அரிவாள்மணையில் வைத்து அறுத்தாள். சும்மா குப்பையில் போட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொண்டு போவார்களாம். பாய் சொல்லி அனுப்பினாராம். புதிது இரண்டு ஆணியில் தொங்குகின்றன. இரண்டிலும் செய்த தேதியை அவள் ஒரு தாளில் எழுதிக் காலண்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறாள். டாக்டர் சொல்லும் வரைக்கும் என்னுடையது ஆணியில்தான். சாவி எங்கே என்று கேட்கவில்லை.

மத்தியானம் நாட்குறிப்பைத் தேடினேன். தலையணைக்கு அடியில் வைத்திருந்தது மேஜைமேல் இருந்தது. ஆஸ்பத்திரித் தாள் அதற்குரிய இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது. பக்கம் பக்கமாகச் சிவப்பு மை. அவளுடைய கை.

பதினேழாம் தேதியில் ஒரு 'சாவியை' அடிக்கப்பட்டிருக்கிறது. 'லேசாகத் தலைவலி. வெயில்.' அதில் 'வெயில்' அடிக்கப்பட்டிருக்கிறது. செருப்பு, கிளட்ச் வயர், தலையணை எல்லாவற்றின் அடியிலும் ஒரு கோடு. ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. ஜூலை மூன்றாம் தேதி சங்கிலியில் குறையில்லை என்ற வரிக்கு மட்டும் ஒரு சரி போட்டிருக்கிறாள். மை கொஞ்சம் கலங்கியிருக்கிறது.

முதல் பக்கத்துக்கு வந்தேன். ஜூன் 3. 'ஹெல்மெட்' முடிகிற இடத்தில் எழுத்து சேர்க்கிற கூரைக்குறி ஒன்று போட்டு, மேலே 'டும் நானும்' என்று எழுதியிருக்கிறாள். 'விழுந்தது'வில் கடைசி இரண்டு எழுத்தை அடித்து 'தோம்'.

ஹெல்மெட்டும் நானும் கீழே விழுந்தோம்.

ஒற்று, எழுவாய், முற்று எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. பேனாவை எடுத்து, ஓரத்தில், இருபத்தாறு வருஷமாக எழுதுகிற இடத்தில் எழுதினேன்:

திருத்தம் சரி. அச்சிடலாம்.

— ஆவுடையப்பன்